களிமண் சமஸ்தானங்கள்

சாந்தம்மாள் டீச்சர் பாடம் எடுத்தால் ஜவ்வாது மலைக் குருவிகூடக் கத்தாது. குருவி கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் பதினோரு வருஷமாகப் பிள்ளைகள் அவள் முன்னால் அசையாமல் உட்கார்ந்தது நிஜம்.

எழுபத்தொன்பதில் படவேட்டிலிருந்து திரௌபதி டீச்சர் வந்தாள். சுதந்திரம் வந்ததும் சமஸ்தானங்கள் சேர்ந்து இந்தியா ஆன கதையை அவள் வாயால் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு சமஸ்தானத்தை ஓடைக் களிமண்ணில் பிசையச் சொல்லி, தரையிலே ஒட்டவைத்தாள். சாந்தம்மாளின் நான்காம் வகுப்பு மொத்தமும் எழுந்துபோய் அங்கே ஜன்னலில் தொங்கியது.

சாந்தம்மாளுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷமும் அதே ஓடையைத் தாண்டித்தானே வந்தாள், தனக்கு ஏன் தோன்றவில்லை?

விறுவிறுவென்று உள்ளே நுழைந்தாள். சேற்றுக்கையோடு நின்ற மூன்றாம் வகுப்புச் சிறுமி பாஞ்சாலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம நாட்டை ஒண்ணா சேத்து வச்சிருக்கிறது யாரு, சொல்லு?"

"எங்க பெரியப்பா, டீச்சர்."

சாந்தம்மாளுக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. "இன்னா திரௌபதி, இதுக்குத்தானா இத்தினி சேறு? டெல்லிய இவ பெரியப்பன் ஆள்றானாம்!"

திரௌபதி பதில் சொல்வதற்குள் பாஞ்சாலை முந்திக்கொண்டாள்.

"நம்ம நாடுன்னா மலையில நம்ம ஊருங்கல்லாம் சேந்த நெல்லிவாசல் நாடுங்க, டீச்சர். அதுக்கு எங்க பெரியப்பாதான் நாட்டாரு, தலைவரு. நீங்க இந்தியான்னு கேக்கவே இல்ல. அது ஐந்நூத்துச் சொச்சம் சமஸ்தானம் சேந்தது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஐதராபாத்த மிதிச்சிட்டீங்க."