உள்ளி தின்னாத முத்தலிப்

முத்தலிப் ஏறாவூரில் பழைய அலுமினியத்தை உருக்கிச் சட்டி வார்த்துக்கொண்டிருந்தவன். நாற்பத்தாறு வயதில் பட்டறை மூடிப்போக, வாவிக்கரையில் வாடகைக் கட்டடமொன்றில் இயங்கிய தனியார் ஆய்வுகூடத்தில் உலை பார்க்கும் வேலை கிடைத்தது. நெல் ஆலைப் புகைபோக்கிகளில் வீணாகும் சூட்டை மின்சாரமாக்கும் உலோகக் கலவை அங்கே செய்தார்கள். பொறுப்பாளர் நிலோஜன் வெளிநாட்டில் படித்து வந்த இளைஞர். பிஸ்மத்தையும் டெலூரியத்தையும் உருக்கி, உடைத்து, அரைத்து, சூட்டோடு அழுத்திக் கட்டியாக்குவது முத்தலிப்பின் வேலை.

கட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால்தான் மின்சாரம் பிறக்கும். இவர்களுடைய கட்டியிலோ சூடு சட்டென்று மறுபக்கம் பாய்ந்துவிடும். ஓராண்டு இப்படியே போயிற்று. ஒருநாள் முத்தலிப் தன் யோசனையில் தூளை இரட்டிப்பு நேரம் அரைத்தான். மை மாதிரி வந்த அந்தத் தூளில் செய்த கட்டி சூட்டைத் தடுத்து நிறுத்தியது. நிலோஜன் அவன் தோளில் தட்டி, இனி எல்லாவற்றையும் அப்படியே அரைக்கச் சொன்னார்.

அந்த மாதமே முத்தலிப்பின் வாயில் வெள்ளைப்பூடு தின்றதுபோல உள்ளி மணக்கத் தொடங்கியது. பல் தீட்டியும் கராம்பு மென்றும் போகவில்லை. வேர்வையிலும் அதே மணம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள். மனைவி ஹிதாயா கறிக்கு உள்ளி போடுவதை நிறுத்திப் பார்த்தாள். பிறகு பாயை மகளின் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்த சரீப் அவனை ஓரமாக அழைத்தார். பச்சை உள்ளி தின்றுவிட்டுப் பள்ளிக்கு வரக்கூடாதென்று தெரியாதா என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"நான் உள்ளிய வாயில வெச்சே நாலு மாசம், காக்கா."

சரீப் நம்பவில்லை. அதன்பின் முத்தலிப் வீட்டிலேயே தொழுதான்.

நிலோஜனிடம் சொன்னபோது அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது டெலூரியம், நானா. தூள் உள்ள போனா அப்படித்தான் மணக்கும். கொஞ்ச மாசத்தில போயிடும்."

"உங்களுக்கு முதலே தெரியுமா, சேர்?"

"ஓம். அதுக்குத்தானே மாஸ்க் தந்தது."

தந்தது கொரோனாக் காலத்தில் மிஞ்சிய துணி மாஸ்க். அரைக்கும் அறைக்குள் நிலோஜன் ஒருநாளும் கால் வைத்ததில்லை, வாசலில் நின்றே பேசுவார் என்பது அப்போதுதான் முத்தலிப்புக்கு உறைத்தது.

கொழும்பிலிருந்து பணம் போடும் ஆட்கள் வந்த அன்று புதுக் கலவையை அடுப்பில் வைத்து விளக்கெரித்துக் காட்டினார்கள். மணக்குமென்று முத்தலிப்பைப் பின்பக்கம் தண்ணீர்த் தாங்கியடியில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். கூடுதலாக அரைக்கும் யோசனை யாருடையது என்று ஒருவர் கேட்டதும், நிலோஜன் "என்னுடையதுதான்" என்றதும், பிறகு கைதட்டலும் ஜன்னல் வழியே அவனுக்குத் தெளிவாகக் கேட்டன.

அடுத்த நாள் அவன் வேலைக்குப் போகவில்லை. ஓட்டமாவடியில் ஒரு நெல் ஆலையில் மூட்டை தைக்கச் சேர்ந்தான். மணம் போக ஏழு மாதம் எடுத்தது. ஒரு காலை ஹிதாயா தேநீரோடு வந்து, இப்போது மணக்கவில்லை என்று சந்தோசமாகச் சொன்னாள்.

"நான் உள்ளி திங்கல்ல எண்டு சொன்னத நீயாவது நம்பினியா?" என்று கேட்டான் முத்தலிப்.

அவள் தேநீரை அவன் முன்னால் வைத்தாள். "வெளியில திண்டுட்டு வாறீங்களெண்டுதான் நினைச்சன்," என்றாள்.

அவன் தேநீரைக் குடித்து முடித்து, வேலைக்கு நேரமாகிறதென்று சைக்கிளை எடுத்தான்.