நானூற்றுப் பதினேழு, இரண்டு தடவை

அந்த நான்கு சினிமாப் படங்களையும் இறக்கியது எங்கள் எஸ்டேட் டிவிஷனுக்குக் கேபிளும் இணையமும் இழுத்திருப்பவர். என் அம்மா இல்லை. நான் இல்லை. இறக்கியது அவர், மாட்டிவிட்டது எங்களை. இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

சூரியநெல்லிக்கு மேலே இருக்கிறது எங்கள் லயம். ஒரே கூரைக்கு அடியில் வரிசையாகப் பத்து வீடுகள். வீடு கம்பெனியுடையது. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் வரைக்கும் நாங்கள் இருக்கலாம். படப் பிரச்சினை வந்தபோது அம்மா ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. நான் கீழே ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் நிற்கிறேன். எங்களுக்கு வேறு வீடு எங்கேயும் கிடையாது.

ரிசார்ட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டினார்கள். கேட்டு வாங்கி வந்தேன். அம்மாவுக்காகத்தான். தென்காசிப் பக்கம் இருக்கிற எங்கள் சொந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழா நடந்தால், அங்கே உள்ள ஒருவர் முழுவதையும் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவார். அம்மாவுக்கு லீவு கிடைப்பதில்லை, போக முடிவதில்லை. பார்த்தாவது ஆக வேண்டும் என்பாள். ஆனால் சாயந்திரம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஃபோனை நோண்டுவார்கள். வீடியோ நகராது. சாமியாடி ஒரு காலைத் தூக்கியபடியே கால் மணி நேரம் நிற்பார்.

அதனால் பகலிலேயே இறக்கி வைக்க ஏற்பாடு செய்தேன். அமைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டேன். தினமும் காலை பதினொரு மணிக்கு, லயத்தில் எல்லாரும் மலையில் இருக்கும் நேரத்தில், மெஷின் அந்தச் சேனலைத் தானாக எட்டிப் பார்க்கும். புதிதாக ஏதாவது ஏறியிருந்தால் இறக்கி ஒரு ஃபோல்டரில் போடும். டிவியில் அந்த ஃபோல்டர் தெரியும். அம்மா ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். முதல் நாள் அவள் இரண்டு மணி நேரம் அசையாமல் பார்த்தாள். உலையில் தண்ணீர் வற்றிப்போனது.

நான் போட்ட இறக்கும் புரோகிராமில் டோரன்ட் வசதியும் சேர்ந்தே வந்தது. அதில் ஒரு படத்தை இறக்கினால், இறக்கும்போதே அது நம் வீட்டிலிருந்து ஊருக்கெல்லாம் போகும். எனக்கு அது தேவையே இல்லை. அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. அது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, கேபிள்காரருக்கு ஃபோன் போட்டது.

“அண்ணாச்சி, ரிசார்ட்ல இருந்து எங்க வீட்டு மெஷினப் பாக்கணும். ரூட்டர்ல வழி தெறந்து விடுங்க.”

“அதுக்கென்ன தங்கச்சி, அரை நிமிஷ வேலை. பாஸ்வேர்டு கீஸ்வேர்டு ஏதும் போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன்.”

“பின்ன என்ன.”

அவர் தன் ஆபீசில் உட்கார்ந்தபடியே எங்கள் ரூட்டருக்குள் நுழைந்து திறந்துவிட்டார். அவர் கொடுக்கும் எல்லா ரூட்டருக்கும் சாவி அவர் கையில்தான். யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாவது தப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எஸ்டேட்டில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் சம்பளப் பதிவேட்டில் ஒரு செக்ரோல் நம்பர் உண்டு. பேர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு, நம்பர்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் அந்த நம்பரைக் கூப்பிடுவார்கள். எடை போடும் இடத்தில் அவரவர் நம்பரை அவரவர் கத்த வேண்டும், சூப்பர்வைசர் திருப்பிக் கத்துவார். சாக்கில் பெயின்டால் அதையே எழுதியிருப்போம். ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கேபிள் கனெக்‌ஷன் ஃபாரத்துக்கும் அதே நம்பர். எங்கள் அம்மா நானூற்றுப் பதினேழு. புரோகிராம் ஆறு எழுத்தாவது வேண்டும் என்று அடம் பிடித்தது. இரண்டு தடவை அடித்தேன். 417417. மனதில் நிற்கும் என்று நினைத்தேன். என் மனதில் மட்டும் நிற்கும் நம்பரா அது? மலை முழுக்க தினமும் மூன்று வேளை கத்துகிற நம்பர். எங்கள் லயத்தில் யாரைக் கேட்டாலும் அவரவர் வீட்டு செக்ரோல் நம்பர்தான் எல்லாவற்றுக்கும் பூட்டு.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு திங்கள்கிழமை காலை கேபிள்காரர் மஸ்டர் கொட்டகைக்கே வந்தார். கையில் ஒரு காகிதம். படக் கம்பெனி ஒன்று புகார் கொடுத்திருக்கிறது. புதுப்படம் நான்கு அவருடைய லைனிலிருந்து இறங்கி, வெளியேயும் போயிருக்கிறது. காகிதத்தில் இருந்தது ஒரு நீளமான எண் மட்டும். அது எந்த வீட்டுக்குப் போகிற எண் என்று இந்த மலையில் அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும். அவர் சொன்னார். அறுபது பேருக்கு முன்னால் நின்று, “நானூத்திப் பதினேழு வீடு. மக ரிசார்ட்ல இருக்காளே, டூரிஸ்ட்காரனுக்குப் படம் விக்கிறா” என்றார்.

அம்மா வரிசையில் நின்றிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு கூடையை எடுத்து மாட்டினாளாம். பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னார். அம்மா சொல்லவில்லை.

அன்று சாயந்திரம் எடைக்களத்தில் அம்மா “நானூத்திப் பதினேழு” என்றதும் பின்னாலிருந்து ஒருத்தி, “படக்காரி வந்தாச்சு, டிக்கெட்டு எடுங்கடி” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும்.

மறுநாள் மெமோ வந்தது. லய வீட்டைச் சட்டவிரோதத் தொழிலுக்குப் பயன்படுத்தியதாகப் புகார், ஏழு நாளுக்குள் பதில் தர வேண்டும், தவறினால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டிவரும். அம்மா அதைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை.

நான் முதலில் செய்தது கேவலமான வேலை. பக்கத்து வீட்டு அக்காவின் வாசலில் போய் நின்றேன். நம்பர் தெரிந்தவர், சுவரை ஒட்டியவர், படப் பைத்தியம். “ஒங்க வீட்டுல யாராவது எங்க மெஷின்ல கை வச்சீங்களாக்கா?” என்றேன்.

அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“ஒங்கம்மா நம்பரு எங்க வீட்டு மாட்டுக்கும் தெரியும். போயி மாட்டக் கேளு. பதில் சொல்லாட்டி அதுக்கும் மெமோ குடு.”

“கோவப்படாதீங்க. கேட்டேன், அவ்வளவுதான்.”

“கேட்டுட்டேல்ல, போ. ஒங்கம்மாளக் கொட்டகையில ஒத்தையா நிக்க வச்சப்போ பக்கத்துல போயி நின்னது நாந்தான். அத ஒனக்கு யாரும் சொல்லலியோ?”

யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டேன். இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பேன்.

மெமோ வந்த மூன்றாம் நாள் லீவு போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். புரோகிராம் ஒரு பதிவு எழுதி வைக்கும். எந்த இணைய முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, யார் உள்ளே வந்து என்ன செய்தார்கள் என்று வரி வரியாக இருக்கும். லாக் என்பார்கள். நான்கு மாதமாக அதைத் திறந்துகூடப் பார்க்காத மடச்சி நான். நான்கு வியாழக்கிழமைகள். நான்கு முறையும் பகல் இரண்டு மணியை ஒட்டி. ஒரே முகவரி உள்ளே வந்து, பாஸ்வேர்டை முதல் முயற்சியிலேயே சரியாகப் போட்டு, ஒரு படத்தை இறக்கச் சொல்லியிருக்கிறது. மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு, அந்தப் படத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. படத்தைத் துடைத்த ஆளுக்கு லாக் துடைக்கத் தெரியவில்லை.

படங்களின் பெயரைப் படித்தேன். நான்கும் கேபிள்காரரின் லோக்கல் சேனலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓடிய படங்கள். இரண்டை நானே பார்த்தேன். லயம் முழுக்கப் பார்த்தது. கொட்டகையில் நின்ற அறுபது பேரும் பார்த்தவர்கள்தான். தன் ஆபீஸ் லைனிலேயே இறக்கினால் புகார் தன் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். பூட்டு மாதிரி ஒன்றைத் தொங்கவிட்ட வீடு எங்களுடையது, உள்ளே மெஷினும் இருந்தது.

ஆனால் அந்த முகவரி அவருடையது என்று எப்படிக் காட்டுவது? வெறும் எண்கள். எனக்கு மனசுக்குத் தெரிந்தால் போதாது. மெமோவுக்கு இன்னும் நான்கு நாள்.

அவருக்கே ஃபோன் போட்டேன். குரலை அடக்கிக்கொண்டேன்.

“அண்ணாச்சி, ரிசார்ட்ல இருந்து மெஷினத் தெறக்க முடியல. வழி அடைச்சிட்டீங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

“இப்பவும் அத வச்சிட்டு இருக்கியா? கழட்டித் தூரப் போடு பிள்ளே.”

“போடத்தான் போறேன். அதுக்கு முந்தி அம்மா கொடை வீடியோவ எடுத்துக்கணும்.”

“இரு.” கீபோர்டு சத்தம் கேட்டது. “தெறந்துதான் இருக்கு. எனக்கு வருதே.”

என் கண்முன்னால் லாக்கில் ஒரு வரி ஏறியது. அதே முகவரி. பகல் பதினொன்று பத்து. ஃபோனில் அவர் மூச்சு விடுவதும் கேட்டது, திரையில் அவர் எங்கள் வீட்டுக்குள் நிற்பதும் தெரிந்தது. “சரி அண்ணாச்சி” என்று வைத்துவிட்டேன். கடைசியாக அண்ணாச்சி என்று கூப்பிட்டது அன்றுதான்.

உடனே எல்லாவற்றையும் அடைத்தேன். லாக்கை இரண்டு பென்டிரைவில் எடுத்தேன். டோரன்டை அணைத்தேன். அவருடைய ரூட்டருக்குப் பின்னால் என் சொந்த ரூட்டர் ஒன்றை வைத்து, மெஷினை அதற்குள் தள்ளினேன். வெளியிலிருந்து வர இனி ஒரே வழி, என் ஃபோனில் இருக்கிற சாவிக் கோப்பு. இறக்கும் புரோகிராமுக்குத் தனி யூசர். அந்த ஒரு ஃபோல்டரைத் தவிர வேறெதையும் அதனால் தொட முடியாது. பாஸ்வேர்டு இருபத்துநான்கு எழுத்து, அம்மாவுக்கே தெரியாது. நான்கு மாதத்துக்கு முன்னால் செய்திருந்தால் ஒரு மத்தியான வேலை.

தேவிகுளம் போய் லாக்கைப் பிரின்ட் எடுத்து, பதில் எழுதி, எஸ்டேட் ஆபீசில் கொடுத்தேன். ஃபீல்டு ஆபீசர் தாள்களைப் புரட்டினார். இதெல்லாம் வெறும் நம்பர், மேனேஜர் துரைக்கு என்னவென்று சொல்வேன், கேபிள்காரரே இது இந்த வீட்டின் வேலை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மெமோவைத் திருப்பி வாங்கலாம் என்றார். பதிலை வாங்கி வைத்துக்கொண்டார். ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, தள்ளியதாகவும் சொல்லவில்லை. ஏழு நாள் முடிந்தது. மெமோ இன்னும் ஃபைலில் உயிரோடு இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அங்கிருந்து நேராகக் கேபிள் ஆபீசுக்குப் போனேன். தாளை மேசையில் வைத்தேன். “இறக்குனது நீங்க” என்றேன். அவர் தாளைப் பார்க்கக்கூட இல்லை. கதவைச் சாத்தினார்.

“தங்கச்சி, தெரியாமப் பண்ணிட்டேன்னு வச்சுக்க. துரைகிட்ட நான் தனியாப் பேசுறேன். ஒங்க வீட்டுக்கு ஆயுசுக்கும் கனெக்‌ஷன் ஃப்ரீ. இந்தப் பேப்பர மட்டும் குடுத்துரு.”

“கொட்டகையில சொன்னத கொட்டகையில வந்து மாத்திச் சொல்லுங்க.”

“அது முடியாது. எனக்குத் தொழில் போயிரும்.”

“எங்களுக்கு வீடு போகுது.”

“போகாது. நான் பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல.”

வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளச் சொன்னாள்.

“ஏட்டி, வம்பு எதுக்கு? பதினாலு மாசம். சத்தமில்லாமத் தள்ளிட்டுப் போயிருவோம். அவன் பேசுறேங்கான்ல.”

“அவரு பேசலன்னா? பேப்பரும் போயிருக்கும், வீடும் போயிருக்கும்.”

“பேசுவான்.”

“ஒன்னைய அறுபது பேருக்கு முன்னாடி திருடின்னான். தனியா யார் காதுலயோ போயி இல்லங்கிறானாம். அந்த அறுபது பேருக்கு யார் சொல்லுவா?”

அம்மா எழுந்து போய் மறுநாளுக்கு இடுப்பில் கட்டும் ரப்பர் ஷீட்டையும் கூடையையும் எடுத்து வைத்தாள். அந்த வாரத்திலிருந்து எடைக்களத்தில் அவள் நம்பரைக் கத்துவதில்லை. சாக்கைத் திருப்பிக் காட்டுகிறாள், சூப்பர்வைசர் பார்த்துப் படித்துக்கொள்கிறார். முப்பத்தொரு வருடம் கத்திய நம்பர்.

தாளை நான் கொடுக்கவில்லை. அவரும் துரையிடம் பேசவில்லை. ஒரு மாதம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் படம் மட்டும் நின்றிருக்கிறது. ஏன் நின்றது என்று லயத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன், கேபிள்காரரே. கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது இனி வேண்டாம். வருகிற திங்கள்கிழமை காலை மஸ்டருக்கு வாருங்கள், போன தடவை நின்ற அதே இடத்தில் நில்லுங்கள். அந்த நான்கு வியாழக்கிழமையும் எங்கள் வீட்டு மெஷினுக்குள் வந்தது யார்? படங்கள் உங்கள் சேனலுக்கு எங்கிருந்து வந்தன? அந்த எண் நானூற்றுப் பதினேழின் வீடு என்று கை காட்டினீர்களே, உள்ளே வந்தவரின் எண் யாருடையது? அறுபது பேரும், ஃபீல்டு ஆபீசரும் இருப்பார்கள். தாள் என் கையில் இருக்கும். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.