முபீன் நானாவின் கறுப்புப் பை

என் கூடப்பிறந்த நானா முபீன் எருக்கலம்பிட்டியில் வள்ள எஞ்சின் திருத்துகிறவர். அவருடைய கொட்டிலில் எந்தச் சாமான் எங்கே கிடக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஆனால் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பை தொங்கும். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், மருந்துத் துண்டு எல்லாம் அதற்குள். எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓடலாம். "கதவுக்குப் பின்னால குமர்ப்பிள்ளை மாதிரி நிக்குதே, இந்தப் பைக்கு ஒரு மாப்பிள்ளை பாப்பமா நானா?" என்று தங்கச்சி நான் கேட்பேன். எனக்கு வாய் சும்மா கிடக்காது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். உம்மா உடுப்பை ஒரு பையில் போட்டா, நகையை மடியில் கட்டினா. படங்கள் அலுமாரியில் இருந்தன. கற்பிட்டிக்குப் போகிற வள்ளத்தில் இருக்கும்போதுதான் உம்மாவுக்கு அந்த நினைவு வந்தது. உம்மா வாப்பாவின் கலியாணப் படத்தை நாங்கள் பிறகு காணவேயில்லை. வேறு வேறு இடத்தில் வைத்தால் விட்டுப்போகும் என்பது அன்றைக்கு நானாவின் மண்டையில் ஏறியது. திரும்பி வந்து வீடு கட்டிக் குடியிருந்தும் அது இறங்கவில்லை.

அவருடைய மனைவி நஸ்மியா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது மகள் றுஷ்தா பால்குடி மறந்திருந்தாள், அவ்வளவுதான். உம்மாவின் குரல் அவளுக்கு நினைவில்லை. நானா போனில் எடுத்து வைத்திருந்த வீடியோக்கள்தான் அவளுக்கு உம்மா. போன் பழுதாகப் பார்த்ததும், மன்னார் டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் கிருஷாந்தனிடம் ஓடினார். அவன் எல்லாவற்றையும் ஒரு லப்டொப்பில் ஏற்றிக் கொடுத்தான்.

"இதை மட்டும் நம்பி இராதேங்கோ அண்ணை. வேற ஒரு கொப்பியும் வேணும்" என்று ஒரு ஹார்ட் டிஸ்க்கும் கொடுத்தான்.

அவன் சொன்னதை நானா அச்சொட்டாகச் செய்தார். ஜும்ஆ முடிந்து வந்து மகளோடு இருந்து வீடியோ பார்ப்பார். டிஸ்க்கையும் செருகி, கொப்பி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு இரண்டையும் ஒரே துவாயில் சுற்றி, அதே கறுப்புப் பைக்குள் வைப்பார்!

போன புயலுக்கு எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் இடுப்பளவுக்கு வந்தது. நடுப்பகல். பள்ளிவாசலுக்குப் போனால் தப்பலாம் என்று எல்லோரும் இறங்கினோம். நானா பையைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்திருந்தார், மற்றக் கையில் றுஷ்தாவின் கை. நான் பின்னால் வந்தேன். வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தண்ணீரில் தெரியவில்லை. பிள்ளையின் கால் வழுக்கியது. அவள் தலை தாழ்ந்ததைக் கண்டதும் நானா இரண்டு கையாலும் எட்டிப் பிடித்தார். பை போய்விட்டது.

வெள்ளம் வடிந்தபின் அதே வாய்க்காலில் சேற்றுக்குள் கிடந்த பையை எடுத்தோம். றுஷ்தா ஒரு மூலையில் இருந்து, "என்னாலதான் மாமி, உம்மா போயிட்டா" என்று அழுதாள். நானா வந்து அவளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டார். "விசர்க் கதை கதைக்காத. நூறு பை போனாலும் நான் உன்னத்தான் பிடிப்பன்" என்றார்.

லப்டொப் செத்துவிட்டது என்று கிருஷாந்தன் சொன்னான். டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கொப்பியையும் ஏன் அண்ணை அதே பைக்குள்ள வச்சனீங்கள்?"

"ஓடேக்க ரெண்டு இடத்துக்குப் போகேலுமா தம்பி?"

அந்தப் பொடியன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. "எங்கட அம்மாவும் எல்லாத்தையும் ஒரு பையிலதான் வச்சிருக்கிறா" என்றான்.

டிஸ்க்கில் இருப்பதை மீட்க அதைக் கொழும்புக்கு அனுப்பினான். நாங்கள் துஆக் கேட்டபடி இருந்தோம். அவ்வளவு வீடியோவிலும் ஒன்றே ஒன்று திரும்பி வந்தது. அதில் மச்சி நஸ்மியாவின் முகம்கூட இல்லை. முற்றத்து மணலும் பிள்ளையின் சின்னக் காலும்தான். குரல் மட்டும் கேட்கிறது: "என்னத்த எடுத்துக்கொண்டு நிக்கிறீங்க? புள்ள மண்ணத் தின்னுது, வந்து பாருங்களன்!" றுஷ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கா ஏசுறா?" என்று கேட்டாள். "உனக்கில்ல, எனக்கு" என்றார் நானா. நாங்கள் மூவரும் அழுதோம், சிரித்தோம், திரும்பவும் போட்டுக் கேட்டோம்.

அடுத்த கிழமை நானா என் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்த வீடியோ ஏற்றிய ஒரு பென் டிரைவை எடுத்தார்.

"இது உன்ட அலுமாரியில இருக்கட்டும். புத்தளத்தில இருக்கிற எங்கட சாச்சிக்கும் ஒண்டு அனுப்பிட்டன்."

கையை நீட்டினேன். அவர் தந்தார், ஆனால் பிடியை விடவில்லை.

"ஓட வேண்டி வந்தா, மறக்காம எடுப்பியா?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இனி எங்க ஓடுறது? நாங்க ஓடமாட்டம் நானா!"

"அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் மற்றக் கையால் அவர் கையைப் பொத்திப் பிடித்தேன்.

"எடுப்பன் நானா" என்றேன். "என்ட பிள்ளைகளத் தூக்கின உடன, இதைத்தான் எடுப்பன்."

அப்போதுதான் அவர் கையை விட்டார்.