ஏகமனதாகத் தெரிவானவர்

என் அக்கா செலீனின் புருஷன் கிறிஸ்துநாயகம் ஒரு தலைவர். எதற்குத் தலைவர் என்று கேட்டால், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளைக்கு. தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் சங்கம் வைக்காத எங்கள் நாட்டு ஊரும் இல்லை, தலைவர் இல்லாத கட்டடமும் இல்லை. டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த கட்டடத்து லிஃப்டில் ஒரே நேரத்தில் மூன்று தலைவர்களோடு நான் போயிருக்கிறேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பாராமல் மாடி இலக்கங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அத்தானை யாரும் வாக்குப் போட்டுத் தலைவராக்கவில்லை. எங்கள் சங்கங்களில் வாக்குப் போடுவது வெட்கக்கேடு. வாக்கெடுப்பு நடந்ததாம் என்று கேள்விப்பட்டால் சங்கம் உடைந்துவிட்டது என்றுதான் சனம் கதைக்கும். ஆகவே பொதுக்கூட்டத்துக்கு முதல் கிழமையே எல்லாம் டெலிபோனில் முடிந்துவிடும். போட்டிக்கு வரக்கூடிய ஆளுக்கு உப தலைவர் பதவி. அவரோடு கோபமாக இருப்பவருக்கு உப செயலாளர். இரண்டிலும் அடங்காத கிழவருக்குப் போஷகர். கூட்டத்தன்று ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, எல்லாரும் கைதட்டுவார்கள். பிறகு கடிக்க றோல்ஸும் பற்றீஸும். 'ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்' என்று தமிழ்ப் பேப்பரில் படம் வரும். அத்தான் அந்தப் படங்களை ஃபிரேம் போட்டு ஹோலில் மாட்டியிருந்தார். இரண்டு வேலை செய்துவிட்டு வந்து அக்கா அவற்றுக்குத் தூசி தட்டுவாள்.

ஊரில் அவர் குடியியல் வாத்தியார். தேர்தல் வந்தால் வாக்களிப்பு நிலையத்தில் கடமைக்குப் போனவர். வாக்குப் பெட்டிக்கு முத்திரை வைத்த கை இது என்று வலது கையைத் தூக்கிக் காட்டுவார். கனடா வந்த பிறகு அந்தக் கைக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. ஒரு பக்டரியில் கொஞ்ச நாள் நின்றார். சுப்பர்வைசர் தன்னை விட வயது குறைந்தவன் என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு செற்றியில் படுத்திருந்து உலக அரசியலை விமர்சித்தார். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் உலகத்தை ஓரமாக வைத்துவிட்டு எழும்புவார்.

நான் அப்போது நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், இந்த நாட்டின் ஆதிக்குடிகளான ஒஜிப்வேப் பிள்ளைகள் படிக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு உதவியாளராக இருந்தேன். தொண்ணூற்றேழாம் ஆண்டு வசந்த காலம். ஜூன் மாதம் நாட்டுக்குத் தேர்தல் வரப்போகிறது. ஐந்தாம் ஆறாம் வகுப்பு ஆசிரியை மிஸ் நோடின், தானும் ஒஜிப்வேக்காரிதான், பிள்ளைகளுக்கு வாக்களிப்பதைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க ஆள் தேடினார். செப்டெம்பரில் இன்னொரு உதவியாளர் வேலையும் வர இருந்தது. அக்கா என் முன்னால் இருந்து அழுததால் நான் அத்தானின் பெயரைச் சொன்னேன். ஒரு மாதம் வந்து உதவி செய்யட்டும், நன்றாகச் செய்தால் வேலைக்குச் சிபாரிசு செய்கிறேன் என்றார் மிஸ் நோடின்.

அத்தான் கோட் சூட்டை எடுத்து அயன் பண்ணினார்.

"உந்தச் செவ்விந்தியப் பிள்ளையளுக்கு ஜனநாயகம் எண்டா என்னெண்டு தெரியுமே, மலர்? அடியிலயிருந்து துவங்கவேணும்."

"அவையள் ஒஜிப்வே, அத்தான்."

"எல்லாம் ஒண்டுதான். நீர் பாரும் நான் படிப்பிக்கிறதை."

பார்த்தேன். பார்க்காமல் இருக்க வழியில்லை, பிற்பகலில் எனக்கும் அந்த வகுப்பில்தான் வேலை. கரும்பலகையில் 'ஜனநாயகத்தின் தூண்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொன்னார். கோடி என்ற பையன் கையைத் தூக்கி, தன் அப்பா வாக்குப் போடுவதில்லை, அது அவர்களுடைய அரசாங்கம், நம்முடையது இல்லை என்று சொல்கிறார், அது சரியா என்று கேட்டான். அத்தான் திரும்பித் தூண்களை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தார். பின்னால் இருந்த மிஸ் நோடின் எழும்பிச் சொன்னார். 1960 வரை அவர்களுடைய சனம், ஒப்பந்த உரிமைகளோடு வருகிற தங்கள் பழங்குடிப் பதிவை அரசாங்கத்திடம் விட்டுக் கொடுத்தால்தான் இந்த நாட்டுத் தேர்தலில் வாக்குப் போடலாம். தன் தாய்க்கு முப்பது வயதாகும் வரை அந்த உரிமை இல்லை. அதனால் சிலர் இப்போதும் போடுவதில்லை, சிலர் அதனால்தான் கட்டாயம் போடுகிறார்கள். அத்தான் "வெரி இன்ரறஸ்ரிங்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது தூணுக்குப் போனார்.

நல்ல காலம், தூண்களோடு பாடம் முடியவில்லை. பெற்றோர் ஆறு பேர் இருந்து நடத்தும் பள்ளிக்கூடச் சபையில் அந்த வருடம் முதன்முதலாகப் பிள்ளைகளுக்கும் ஒரு இடம் கொடுத்தார்கள். சும்மா இருந்து பார்க்கிற இடம் இல்லை, வாக்கு உள்ள இடம். அந்தப் பிள்ளையை இந்த வகுப்பு வாக்குப் போட்டுத் தெரிவு செய்ய வேண்டும். அந்த நேரம் சபை ஒரு விஷயத்தில் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து நின்றது. காலையில் நடக்கிற ஒஜிப்வே மொழி வகுப்பைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வைத்துவிட்டு, காலையில் கம்பியூட்டர் படிப்பிக்கலாமா என்பது கேள்வி. ஏழாவது வாக்கு பிள்ளைகளுடையது.

மூன்று பேர் போட்டியிட முன்வந்தார்கள். ஒருவன் கோடி. இன்னொருவன் ட்ரெவர், சபைத் தலைவரின் மகன், கம்பியூட்டர் பைத்தியம். மூன்றாவது ஷானா. அவளுடைய அம்மாவுக்குப் பின்னேர வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் ஷானா ஓடிப்போய் டே கேயரில் இருந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மொழி வகுப்பைப் பின்னேரத்துக்கு மாற்றினால் அவளுக்கு அது இல்லை. அவள் அதை மறைக்கவில்லை. "எங்கள் வீட்டில் ஒருவருக்கும் எங்கள் மொழி தெரியாது. நான் இங்கே படிக்காவிட்டால் யாரிடம் படிப்பேன்?" என்று தன் போஸ்டரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.

பிள்ளைகள் ஃபிரிட்ஜ் வந்த பெரிய பெட்டியை வெட்டி வாக்குப் போடும் மறைவு செய்தார்கள். பழைய திரைச்சீலை ஒன்றை அதில் தொங்கவிட்டார்கள். தினமும் இரண்டு பேர் அதற்குள் போய் ஒளிந்து பார்ப்பார்கள். எனக்கே உள்ளே போய் ஒரு வாக்குப் போட ஆசையாக இருந்தது.

வாக்கெடுப்பு நாள் வந்தது. அத்தான் முகம் பூரிக்க முன்னால் வந்து நின்றார்.

"ஒரு நல்ல செய்தி. போட்டி இல்லை. ட்ரெவர் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டிருக்கிறார். ஷானா உப தலைவர். கோடி உப செயலாளர். எல்லாரும் கைதட்டுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

அவர் மட்டும் தட்டினார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு நாட்களாக இடைவேளையில் அத்தான் பிள்ளைகளை ஒவ்வொருவராக மைதானத்து மூலைக்குக் கூட்டிப்போய்க் கதைத்தது இதற்குத்தான். போட்டி வந்தால் வகுப்பு இரண்டாகிவிடும், உன் விஷயத்தை ட்ரெவர் பார்த்துக்கொள்வான் என்று பத்து வயது ஷானாவிடம் சொல்லியிருக்கிறார். வாத்தியார் சொல்கிறாரே என்று அவளும் தலையாட்டியிருக்கிறாள். வாக்களிப்பதைப் படிப்பிக்க வந்த மனுஷன் வாக்கெடுப்பையே விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறார். இல்லாத பதவிகளைக்கூட ஸ்காபரோவில் இருந்து கொண்டுவந்து பிரித்துக் கொடுத்துவிட்டார்.

"உப தலைவர் என்ன செய்ய வேண்டும்?" என்று ஷானா கேட்டாள்.

"தலைவர் வராத நாட்களில் அவருடைய வேலையைச் செய்ய வேண்டும்."

"நான் லீவே எடுக்கிறதில்லை" என்றான் ட்ரெவர், பாவம், உண்மையைச் சொல்லி.

கோடி திரைச்சீலையைக் காட்டி, "அப்ப இது எதுக்கு?" என்றான். அத்தான் சிரித்தார். ஷானா சிரிக்கவில்லை. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவளுக்கு விளங்கிய அந்த நேரத்து முகத்தை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஸ் நோடின் சத்தம் போடவில்லை. வாக்கெடுப்பு நாளைக்கு நடக்கும் என்று பிள்ளைகளிடம் சொன்னார். வெளியே வந்து அத்தானிடம், "இது பிள்ளைகளுடைய விஷயம், மிஸ்டர் கிறிஸ்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கெனடி ஸ்டேஷன் வரும்வரை அத்தான் ஒரே புறுபுறுப்பு.

"ஒற்றுமை தெரியாத சனம். அதுதான் உந்த நிலையில இருக்குதுகள்."

"நாங்கள் நல்ல நிலையிலதான் இருக்கிறம் என்ன, அத்தான்?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் கோடி, தான் போட்டியிடவில்லை, எண்ணுகிற வேலையைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். ட்ரெவரும் ஷானாவும் நின்றார்கள். தொடங்க முதல் ஒரு பிள்ளை, மிஸ்டர் கிறிஸுக்கும் வாக்கு இருக்கிறதா என்று கேட்டது. மிஸ் நோடினும் நானும் போடுவதில்லை, எங்கள் கருத்தைச் சபையில் சொல்ல எங்களுக்கு வேறு வழி உண்டு. அத்தானுக்கு அதுவும் இல்லை. நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார் மிஸ் நோடின். வேண்டாம், நேற்று எங்கள் வாக்கைப் பறித்தவர் என்று சிலர் கத்தினார்கள்.

ஷானா எழும்பினாள். "அவர் ஒரு மாதமாக எங்கள் வகுப்பில் இருக்கிறார். நேற்றுப் பிழை விட்டார், நாங்களும்தான் பிழை விடுகிறோம். ஒரே அறையில் இருக்கிற ஒருவருக்கு மட்டும் வாக்கு இல்லை என்றால் எப்படி இருக்கும் என்று மிஸ் நோடின் தன் அம்மாவின் கதையில் சொன்னாரே" என்றாள்.

கைகள் உயர்ந்தன. அத்தானுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். முத்திரை வைத்த அந்தக் கையால் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கண்கள் கலங்கின. அந்த ஒரு நிமிடம் எனக்கு அந்த மனுஷன்மேல் வெறுப்பு வரவில்லை. குனிந்து ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டார்.

கோடி இரண்டு தரம் எண்ணினான். ட்ரெவர் ஒரே ஒரு வாக்கால் வென்றான். ஷானா போய் அவனுக்குக் கை கொடுத்தாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

சப்வேயில் நான் கேட்டேன். கேட்கக் கூடாதுதான், ஆனால் அடக்க முடியவில்லை.

"ஆருக்குப் போட்டனீங்கள், அத்தான்?"

"உதென்ன கேள்வி? பெடியனுக்குத்தான். தேப்பன் சபைத் தலைவரெல்லே. செப்டெம்பர் வேலை அவரின்ரை கையிலதானே கிடக்குது."

"அந்தப் பிள்ளைதானே உங்களுக்கு வாக்கு வாங்கித் தந்தது?"

"நல்ல பிள்ளைதான். நான் இல்லையெண்டு சொன்னனே?"

"அது இரகசிய வாக்கு. நீங்கள் பெடியனுக்குப் போட்டது தேப்பனுக்கு எப்படித் தெரியும்?"

அத்தான் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நான் போய்ச் சொல்லுவன்தானே, மலர்."

சொன்னார். சபைத் தலைவர், இதை ஏன் எனக்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத் தன் காருக்குப் போய்விட்டாராம். அதையும் அத்தான் நட்பின் அடையாளமாக அக்காவிடம் விவரித்தார். வேலை கிடைத்தது உண்மை. ஆனால் அதற்கு அவரைத் தவிர வேறு ஒருவரும் விண்ணப்பிக்கவே இல்லை. அந்தச் சின்னப் பிள்ளையின் முதுகில் ஏறாமலே அவர் அந்த வேலைக்குப் போயிருக்கலாம். இதை அவரிடம் சொன்னேன். உமக்கு அரசியல் விளங்காது என்றார்.

ஜூன் கடைசியில் சபை கூடியது. ட்ரெவர் கெட்ட பிள்ளை இல்லை. ஷானாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று ஒரு தரம் சொன்னான். பிறகு தகப்பனோடு சேர்ந்து கையைத் தூக்கினான். மொழி வகுப்பு பின்னேரத்துக்குப் போனது.

செப்டெம்பரில் அத்தானுக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. முதல் நாள் நானும் பக்கத்தில் நின்றேன். மொழி வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் எங்களைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். ஷானா மட்டும் முதுகில் பையோடு வெளியே வந்தாள். கொஞ்சம் உயர்ந்திருந்தாள். அத்தானைக் கண்டதும் நின்றாள்.

"மிஸ்டர் கிறிஸ், நீங்கள் எனக்குத்தான் வாக்குப் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒரு கூச்சமாவது வரும் என்று நினைத்தேன்.

"ஓஃப் கோர்ஸ்" என்றார் அத்தான்.

அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. "மீக்வெச்" என்று சொல்லிவிட்டுத் தம்பியைக் கூட்டிவர ஓடினாள். அவள் தெருவைக் கடக்கும் வரைக்கும் அத்தான் பெரிய மனுஷனாகக் கை காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அந்த இடத்திலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

"உவள் என்ன சொன்னவள்?" என்று அத்தான் என்னிடம் கேட்டார்.

"நன்றி எண்டவள். அவையின்ரை மொழியில."

"ம். நல்ல வளர்ப்பு" என்று சொல்லிவிட்டு அத்தான் கதவைச் சாத்தினார்.