தோல்வி அத்தியாயத்தை வெட்டிய கதை

வியாழக்கிழமை காலை, கடை திறந்து ஐந்து நிமிடமும் ஆகவில்லை. யோகம் அக்கா தன்னுடைய புத்தகத்தைக் கவுண்டரில் பொத்தென்று போட்டார்.

"தம்பி, இந்த மனுசன் எலெக்சனில தோத்த அத்தியாயம் எங்க?"

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருபத்தெட்டு வருடமாக அச்சகம் நடத்துகிறேன். என் பிழைப்பில் பாதி, செத்தவீட்டு முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு மலர்தான். அதில் பிறந்த ஊர், படிப்பு, பதவி, பிள்ளைகள் எல்லாம் வரும். பெயிலான பரீட்சையும் நட்டப்பட்டு மூடின கடையும் வராது. குடும்பத்தார் தெரியாமல் எழுதிக் கொடுத்தாலும் நானே வெட்டிவிடுவேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

யோகம் அக்கா எழுதியது நினைவு மலர் அல்ல. தென்கொரியாவின் முன்னாள் ஜனாதிபதி ஒருவருடைய வாழ்க்கை வரலாறு. இராணுவ ஆட்சி மரண தண்டனை விதித்தும் தப்பியவர். சிறை, அந்நிய நாட்டு வாழ்க்கை எல்லாம் கண்டவர். ஜனாதிபதித் தேர்தலில் மூன்று தரம் தோற்று, நான்காம் தரம் வென்றவர். பாழாய்ப்போன கைப்பழக்கம், அந்த மூன்று தோல்வியையும் தூக்கிவிட்டேன். அச்சடிக்கும் முன் அவருக்குப் புரூஃபும் காட்டவில்லை. போதாக்குறைக்கு, நினைவு மலருக்குப் போடுவதுபோல அட்டையில் குத்துவிளக்கு வேறு!

"மரியாதையா இருக்கட்டும் எண்டுதான், அக்கா..."

"என்ன மரியாதை? நான் கவுன்சில் எலெக்சனில ரெண்டு தரம் தோத்தனான். 'இனிப் பேசாமல் வீட்டில இரு' எண்டு சனம் சொல்லுது. அவையளுக்குக் காட்டத்தான் இதை எழுதினனான். நீர் அதையே வெட்டிப்போட்டீர்! சனிக்கிழமை வெளியீடு. திரும்பவும் நிக்கிறன் எண்டு அந்த மேடையிலதான் சொல்லப்போறன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நாளைக்குப் பின்னேரம் புத்தகம் முழுசா வரும், அக்கா."

"ஏலுமோ?"

"ஏலும்."

வேறு வேலை ஒன்றையும் தொடவில்லை. அத்தியாயத்தைத் திரும்பச் சேர்த்து, பக்க எண்களை மாற்றி, இருநூறு பிரதியையும் புதிதாக ஓட்டினேன். பைண்டிங் மெஷின் இரண்டு தரம் மக்கர் பண்ணியது. விடவில்லை. வெள்ளி பின்னேரம் பெட்டிகளை அவர் வீட்டு வாசலில் இறக்கினேன்.

மேடையில் சொன்னபடியே அக்கா திரும்பவும் நின்றார். அந்தத் தேர்தலிலும் தோற்றார். இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அடுத்த முறைக்கு லீஃப்லெட் அடிக்கவேணும்."

"இப்பவேயோ? இன்னும் நாலு வருசம் கிடக்கு!"

"வீடு வீடாப் போக அவ்வளவு காலம் வேணும். எழுதும்."

அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். பெயர், படிப்பு, பார்த்த வேலை. கடைசியில், 'மூன்று முறை போட்டியிட்டுத் தோற்றவர்.' என் விரல் பழக்கத்தில் டிலீட் பக்கம் போனது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடமிருந்து ஒன்றைப் படித்தால் போதும்: வெட்டுவதற்கு முன் வாயைத் திறந்து கேளுங்கள். அன்றைக்கு நான் கேட்டேன்.

"இந்த வரி வேணுமோ, அக்கா?"

"அதை மேல போடும். பெரிய எழுத்தில."