சிறுமூளைதானே என்று சொன்ன வாய்

கோமளா கையில் துணிப்பையோடு என் பிசியோதெரபி அறைக்கு வந்தார். அவர் கணவர் ராஜு ஜூரோங்கில் கிரேன் வேலைகளை மேற்பார்வை பார்த்தவர். சிறுமூளையில் ஸ்ட்ரோக் வந்து, மூன்று வாரமாக என்னிடம் நடை பழகிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் செங்காங்ல என் தங்கச்சி வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நேத்து இவர் என் தம்பியை அவன் பிள்ளைங்க முன்னாடியே தண்டச்சோறுன்னு சொல்லிட்டார். என்னை வாடி போடிங்கறார். இருபது வருஷத்துல ஒரு நாள் அப்படிப் பேசினதில்ல. யோசிக்கிற மூளை நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப இவ்வளவு நாளா மனசுல வச்சிருந்ததுதான் இப்ப வெளிய வருதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் நாள் நான்தான் பெரிய மேதாவி மாதிரி சொல்லியிருந்தேன்: "சிறுமூளைதான்மா, தள்ளாட்டம் மட்டும்தான் இருக்கும். பெரிய மூளை கல்லு மாதிரி இருக்கு." நான் படித்த காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தேனா? இல்லை.

நரம்பியல் டாக்டரிடம் ஓடினேன். என்னைவிட வயதில் சின்னவர், நன்றாக டின் கட்டினார். பெரிய மூளை எதைச் செய்யப் போனாலும் சிறுமூளைக்குத் தகவல் அனுப்பும். அது அளவு பார்த்து, மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதி வழியாகத் திருத்தம் சொல்லி அனுப்பும். கைகால் அசைவுக்கு மட்டுமல்ல, பேச்சுக்கும் கோபத்துக்கும் அப்படித்தான் என்றார்.

திரும்பி வந்து, வார்டிலிருந்து ராஜுவையும் அறைக்கு வரவழைத்து, கோமளாவின் விரலைத் தொடும்படி அவரிடம் சொன்னேன். அவர் விரல் நடுங்கி, தாண்டிப் போய் கோமளாவின் தோளில் இடித்தது.

"வேணும்னேவா இடிச்சார்?" என்று கேட்டேன்.

"இல்ல."

"வார்த்தையும் இப்படித்தான்மா அளவு தாண்டுது. நான் சொன்னது தப்பு, மன்னிச்சிடுங்க."

கோமளா என்னை முறைத்தார். "அப்ப இனிமே எது பேசினாலும் மூளையைச் சாக்கு சொல்லுவாரா?"

"இல்ல. நிறுத்தி நிதானமாப் பேசப் பழகணும். அதுக்குப் பக்கத்துல நீங்க வேணும்."

ராஜு இழுத்து இழுத்துப் பேசினார். "வாயை விட்டுப் போன பிறகுதான்... எனக்கே தெரியுது. உன்னைப் போய் அப்படிச் சொன்னது... வெக்கமா இருக்கு."

கோமளா அழுதார். அன்று அவர் செங்காங் போகவில்லை.

ராஜுவுக்கு முழுதாகச் சரியாகவில்லை. அசதியான நாளில் இன்றும் வார்த்தை தடிக்கும். கோமளா உள்ளங்கையைக் காட்டுவார். அவர் நிறுத்திவிட்டு மறுபடி சொல்லுவார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, ஸ்கேன் ரிப்போர்ட்டை விளக்கும்போது "அவ்வளவுதான்" என்று முடித்துவிடாதீர்கள். குடும்பத்தார் அதை நம்பி முடிவெடுப்பார்கள். கோமளா என்னிடம் வராமல் நேராக ரயிலேறிப் போயிருக்கலாம். என் வாயால் ஒரு குடும்பம் பிரிந்தது தெரியாமலே நானும் ரிட்டையர் ஆகியிருப்பேன். வந்து கேட்டாரே, அந்தப் புண்ணியவதிக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்.