லண்டனில் பழுதுபார்த்த சங்கிலி

தொண்ணூறுகளில் எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டில் மூன்று பேர் குடியிருந்தோம். நான், என் கணவர், அவருடைய லண்டன் பாக்கெட் கடிகாரம். மரியாதையில் கடிகாரத்துக்கு முதலிடம், அவருக்கு இரண்டாவது. மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் எனக்கு.

ஏதோ பெரிய வீட்டைக் காலி பண்ணும்போது வாங்கி வந்தாராம். நூற்றைம்பது வருஷத்துச் சாமான். வெள்ளி மூடி, சுண்டுவிரல் நீளத்தில் தனியாக ஒரு சாவி. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாட வீதியில் நடந்தால் மனிதருக்கு நடையே மாறிவிடும். ஆபீசுக்கு மட்டும் ஒரு நாளும் நேரத்துக்குப் போனதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் உள்பட, பின்மூடியைத் திறந்து பிரசங்கம் ஆரம்பித்துவிடுவார். "லண்டன் கடைக்காரன் பேர் போட்டிருக்கே, அவன் இதுல ஒரு திருகுகூடத் திருகினது கிடையாது, தெரியுமோ? சக்கரம் லங்காஷயர்ல ஒருத்தன் ஆத்துல, ஸ்பிரிங் இன்னொருத்தன் ஆத்துல. உள்ளே ஸ்பிரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கற இந்தச் சங்கிலி இருக்கே, சைக்கிள் செயின் மாதிரியே, ஆனா நூல் கனம். இதைப் பண்ணினதெல்லாம் சின்னப் பொண்கள். கண்ணைக் கெடுத்துண்டு பண்ணியிருக்கா. பாவம், ஒருத்தி பேரும் எங்கேயும் கிடையாது."

இந்த இடத்தில் அவருக்குக் குரல் தழுதழுக்கும். உள்ளே அவருக்கு மூன்றாவது காபி கலந்துகொண்டிருந்த எனக்கு ஏனோ அப்படி எதுவும் ஆனதில்லை.

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சாவி கொடுத்துக் காட்டினால் என்ன ஆகும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளே 'டக்' என்று சத்தம். சங்கிலி அறுந்துவிட்டது. "மெட்ராஸ் காத்துல உப்பு ஜாஸ்தி" என்றார். ஆக, குற்றம் கடலுடையது. ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டைத் தொடவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கு டைபாய்டு வந்தபோதுகூட இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். ரசம் வைத்தது நான்தான். இருந்தாலும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இரண்டு பேருமாகத் திருவல்லிக்கேணிக்குப் போனோம். மசூதிக்குப் பக்கத்துச் சந்தில் கடிகாரம் ரிப்பேர் பண்ணுகிற ஒரு பாய். லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். "செயின் அந்துகீது சார். ஊசிய சூடு காட்டி, முனைய அறுத்து, அதையே ரிவிட்டா அடிக்கணும். முன்னாடின்னா நானே அடிச்சிருப்பேன். இப்ப கண்ணு ஆபரேசன் ஆயிகீது. இங்க யாரும் கை வெக்க மாட்டாங்க. லண்டனுக்குத்தான் அனுப்பணும்."

என் கணவர் காதில் 'லண்டன்' மட்டும் விழுந்தது. என் காதில் 'ஊசி' விழுந்தது.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். கரப்பான்பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பியை அறுந்துபோகாமல் முழுசாக எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பிக் காட்டுவது என் பிழைப்பு. கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால் பக்கத்து இலைக்காரர் முகம் சுளிப்பார். அதனால் "காலேஜ்ல இருக்கா" என்பதோடு என் கணவர் நிறுத்திக்கொள்வார்.

பாய் கழற்றிக் கொடுத்த சங்கிலியைப் பொட்டலம் கட்டி லேபுக்கு எடுத்துப்போனேன். மைக்ராஸ்கோப், இடுக்கி, ஸ்பிரிட் விளக்கு, தையல் ஊசி. சூடு பத்தாமல் முதல் ஊசி ஒடிந்தது. சூடு அதிகமாகி இரண்டாவது வளைந்துகொண்டது. மூன்றாவதில் நீலம் படர ஆரம்பித்ததுமே வெடுக்கென்று எடுத்தேன். சரியாக இருந்தது. இப்படி மூன்று சனிக்கிழமை. கடைசி ரிவிட்டைத் தட்டி, இடுக்கியால் இழுத்துப் பார்த்து, அது தாங்கியதும், ஆளில்லாத லேபில் "சபாஷ்டி!" என்று எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

பாயே அதைக் கடிகாரத்தில் மாட்டிக் கொடுத்தார். "யம்மா, இன்னா கைம்மா உன்து!" என்றார். என் கணவர் கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு போன். என் கணவருடைய கடிகாரச் சங்கத் தலைவர் பேசினார். சங்கம் என்றால், தி. நகரில் ஒரு ஹோட்டல் மாடியில் மாதத்துக்கு ஒரு தரம் கூடி, வடை சாப்பிட்டுக்கொண்டே விக்டோரியா ராணியைப் பற்றிக் கவலைப்படுகிற எட்டு ஆண்கள். தலைவர் ரிட்டயர்டு இன்ஜினீயர்.

"மாமி, லண்டன்ல யாருக்கு அனுப்பினேள்? அட்ரஸ் வேணுமே. என் செயினும் அறுந்துடுத்து."

"லண்டனா?"

"சார் சொன்னாரே! என்ன ஒரு வேலைப்பாடு! இங்கிலீஷ்காரன் இங்கிலீஷ்காரன்தான்!"

போனை வைத்துவிட்டு நேராக ஹாலுக்குப் போனேன். "என்னன்னா இது?"

"அவா நம்பமாட்டாடி. கரப்பான்பூச்சி அறுக்கற கையால பண்ணினதுன்னா சிரிப்பா. கடிகாரத்தோட கௌரவம் என்ன ஆறது?"

கடிகாரத்தின் கௌரவம்! எவளோ முகம் தெரியாத இங்கிலீஷ் பெண்ணுக்குப் பேர் இல்லையே என்று உருகின வாய் இதுதான். எனக்குக் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அழுதால் பேச்சு மாறிவிடும் என்று அடக்கிக்கொண்டேன். "தலைவரோட செயினைக் கொண்டு வாங்கோ. சரி பண்ணித் தரேன். அடுத்த கூட்டத்துக்கு நானும் வருவேன். பண்ணினது யாருன்னு எல்லார் முன்னாடியும் உங்க வாயால சொல்லணும். இல்லேன்னா அந்த லண்டன்காரனையே பண்ணச் சொல்லுங்கோ." நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தலைவர் தினமும் போன் பண்ணினார். ஐந்தாம் நாள் என் கணவர் "சரி" என்றார்.

கூட்டத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மறைப்பானேன், ஆசையாகத்தான் இருந்தது. நான் சரி பண்ணியிருந்த சங்கிலியோடு தலைவரின் கடிகாரம் ஓடுவதைக் கை மாற்றிக் கை மாற்றிக் கேட்டார்கள். என் கணவர் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உங்களுக்கெல்லாம் ஒரு ஆச்சரியமான விஷயம். இந்த ரெண்டு செயினும் லண்டன் போகலை. எங்காத்துலதான், என்னோட மேற்பார்வையில, என் ஒய்ஃப் ஒத்தாசையோட சரி பண்ணினது."

எல்லாரும் கை தட்டினார்கள். ஒருத்தர் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். ஒருத்தர் என்னைப் பார்த்து, "கொடுத்து வெச்சவா மாமி நீங்க" என்றார். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

தலைவர் மட்டும் கை தட்டவில்லை. இன்ஜினீயர் இல்லையா, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அபாரம் சார்! ஊசியை எந்த நிறம் வரைக்கும் காய்ச்சினேள்? அதுலதானே எல்லாமே இருக்கு?"

ஹாலே என் கணவரைப் பார்த்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். தலைவரும் திரும்பினார்.

"மாமி, நீங்களாவது சொல்லுங்கோளேன்."

"ஒத்தாசை பண்ணினவளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? மேற்பார்வை பார்த்தவரே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, வடைத் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.